வில், மே, மைட்: திருப்பத்தூரில் நாளையைப் பேசக் கற்ற கதை



போன வாரம் நம் 1987 பேட்ச் வாட்ஸ்அப் குழுவில் ஒரு கேள்வி வந்தது. "சார், வில், ஷல், மே, மைட் எல்லாமே எதிர்காலம்தானே, ஒண்ணுக்கு எதுக்கு இத்தனை?" என்று கேட்டிருந்தார், பேத்திக்கு வீட்டுப்பாடம் சொல்லித் தருகிற வயதுக்கு வந்துவிட்ட என் மாணவர் ஒருவர். குழுவில் இரண்டு வரி பதில் போட்டேன். ஆனால் இது இரண்டு வரியில் முடிகிற விஷயம் இல்லை. இதற்குப் பின்னால் முந்நூற்றைம்பது வருஷத்துக்கும் மேலான வரலாறு இருக்கிறது. அதில் ஒரு சின்னப் பகுதி நம் திருப்பத்தூரிலும் நடந்திருக்கிறது. பதிவு கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமை காபியோடு பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் அடிப்படை. தமிழில் வந்தான், வருகிறான், வருவான் என்று வினைச்சொல்லுக்குள்ளேயே காலம் இருக்கிறது. எதிர்காலத்துக்கு ப், வ் என்ற இடைநிலைகளை நன்னூல் சொல்கிறது. ஆங்கிலத்தில் அப்படி இல்லை. 'கேம்' உண்டு, 'கம்' உண்டு. நாளைக்கு வரப்போவதைச் சொல்ல அந்த வினைக்குள் ஒரு எழுத்தும் மாறாது. பக்கத்தில் ஒரு துணைச்சொல்லை நிறுத்தித்தான் ஆக வேண்டும். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய பழைய ஆங்கிலத்திலும் இறந்தகாலம், இறந்தகாலம் அல்லாதது என்று இரண்டே வடிவங்கள்தான்.

அந்தத் துணைச்சொற்கள் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால் சுவையாக இருக்கும். 'வில்' என்றால் ஆதியில் விரும்புதல். 'ஷல்' என்றால் கடன்பட்டிருத்தல். 'மே' என்றால் வலிமை இருத்தல், முடிதல். 'மைட்' என்ற சொல்லுக்கு இன்றும் பலம் என்ற பொருள் இருக்கிறதே, அதே வேர்தான். ஆக, நாளை என்ன நடக்கும் என்று சொல்ல அந்த மக்கள் ஆசையையும் கடனையும் பலத்தையும் கடன் வாங்கினார்கள். அதனால்தான் ஒன்றுக்கு இத்தனை சொற்கள். ஒவ்வொன்றிலும் பழைய பொருளின் வாசனை கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'வில்' சொன்னால் அதில் ஒரு உறுதிமொழி தொனிக்கும். 'ஷல்' சொன்னால் ஒரு கட்டாயம் தொனிக்கும்.

இதற்கு முதலில் விதி எழுதியவர் இலக்கணப் புலவர் அல்லர், கணிதக்காரர். ஜான் வாலிஸ். முடிவிலிக்கு நாம் போடும் படுத்த எட்டுக் குறி இருக்கிறதே, அதை அறிமுகம் செய்தவர் அவர்தான். 1653-ல் வெளிநாட்டவர் ஆங்கிலம் கற்பதற்காக லத்தீன் மொழியில் ஒரு ஆங்கில இலக்கணம் எழுதினார். நான், நாம் என்று வந்தால் வெறும் வருங்காலத்துக்கு 'ஷல்', உறுதிக்கு 'வில்'. மற்றவர்களுக்கு அப்படியே தலைகீழ். இதுதான் அவர் விதி. சென்னையில் கோட்டை கட்டக் கம்பெனிக்கு இடம் கிடைத்தது 1639-ல். அதற்குப் பதினான்கு வருஷம் கழித்து இங்கிலாந்தில் எழுதப்பட்ட இந்த விதியை, முந்நூறு வருஷம் கழித்து நான் திருப்பத்தூரில் பெஞ்சின் மேல் நின்றபடி ஒப்பித்திருக்கிறேன்!

நம் ஊர்ப்பக்கம் ஆங்கிலம் வந்தது எப்படி? 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் கம்பெனியின் கைக்குப் போனது. திருப்பத்தூரும் அதற்குள் அடக்கம். கேப்டன் அலெக்சாண்டர் ரீடும் அவரிடம் உதவியாளராக இருந்த தாமஸ் மன்றோவும் இந்தச் சீமையில்தான் நிலம் அளந்து வரி கட்டினார்கள். பிற்பாடு ரயத்துவாரி என்று பெயர் பெற்ற முறை இங்கே பிறந்ததுதான். அந்தக் காலத்தில் ஆங்கிலம் கற்றவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அல்லர். துபாஷிகளும் குமாஸ்தாக்களும்தான். எல்லாரும் வளர்ந்த ஆட்கள், பிழைப்புக்காகக் கற்றவர்கள். நம் நாட்டில் ஆங்கிலத்தின் முதல் மாணவர்கள் வயது வந்தவர்களே என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

அவர்கள் சந்தித்த எதிர்காலம் பெரும்பாலும் கச்சேரிக் காகிதத்தில் இருந்த எதிர்காலம். சட்டத்தின் மொழியில் 'ஷல்' என்றால் கட்டாயம் செய்தாக வேண்டும். 'மே' என்றால் செய்யலாம், அதிகாரியின் இஷ்டம். 1860-ல் வந்த இந்திய தண்டனைச் சட்டத்தைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் இதைப் பார்க்கலாம். தண்டனை உண்டு என்று சொல்லும் இடத்தில் 'ஷல்'. அது எத்தனை வருஷம் வரை நீளலாம் என்று சொல்லும் இடத்தில் 'மே'. ஒரு சாமானியனுக்கு இந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில் சில வருஷ ஜெயில் இருந்தது. இலக்கணம் வெறும் மார்க் விஷயம் இல்லை என்று நான் வகுப்பில் சொல்லிக்கொண்டே இருந்தது இதனால்தான்.

அடுத்து பள்ளிக்கூடக் காலம். ரென் அண்ட் மார்ட்டின் புத்தகத்தை உங்களில் பாதிப் பேர் இன்னும் பரணில் வைத்திருப்பீர்கள். இந்தியாவில் இருந்த வெள்ளைக்கார அதிகாரிகளின் பிள்ளைகளுக்காக எழுதப்பட்ட புத்தகம் அது. வீட்டில் தாய்ப்பாலோடு ஆங்கிலம் குடித்த பிள்ளைகளுக்கு இலக்கணத்தை ஒழுங்குபடுத்திக் கொடுத்தால் போதும். நம் பிள்ளைகளுக்கோ அந்த அட்டவணை மட்டும்தான் ஆங்கிலம். எதிர்காலம் என்றால் நான்கு கட்டம், மனப்பாடம் செய், தேர்வில் எழுது. மழை வருமா வராதா என்று ஆங்கிலத்தில் யாரும் யாரையும் கேட்டதில்லை.

1950களில் சென்னை மாகாணத்தில் ஒரு மாற்றம் வந்தது. இலக்கண விதியை ஒப்பிப்பதை விட்டுவிட்டு, வாக்கிய அமைப்புகளை எளியதிலிருந்து கடினம் வரை வரிசைப்படுத்தி, வாயால் சொல்லிச் சொல்லிப் பழக்கும் முறை. அதைத் தொடக்கப் பள்ளிகளுக்குக் கொண்டுபோக அந்தப் பத்தாண்டின் இறுதியில் ஒரு பெரிய முயற்சி நடந்தது. சிலருக்குப் பயிற்சி கொடுப்பது, அவர்கள் பலருக்குக் கொடுப்பது, அந்தப் பலர் இன்னும் பலருக்கு. பனிப்பந்து உருள உருளப் பெரிதாவதுபோல என்பதால் 'மெட்ராஸ் ஸ்னோபால்' என்று பெயர். பனியே விழாத ஊரில் பனிப்பந்து! 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி என்பது இலக்கு. டி. ஏ. ஸ்மித் என்பவர் 1962-ல் ஆங்கிலம் கற்பிப்போருக்கான ஒரு பத்திரிகையில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். என்னைப் பொறுத்தவரை தமிழ்நாட்டில் வயது வந்தோருக்கான மிகப் பெரிய ஆங்கில வகுப்பு அதுதான். மாணவர்கள் அத்தனை பேரும் வாத்தியார்கள்!

அந்த முறையில் நல்லது நிறைய இருந்தது. வகுப்பில் வாய் திறந்தது. ஆனால் அங்கேயும் எதிர்காலம் ஒரு அமைப்பு மட்டுமே. "ஐ ஆம் கோயிங் டு ஓப்பன் தி டோர்" என்று ஆசிரியர் சொல்வார், சொல்லிவிட்டுக் கதவைத் திறப்பார். சந்தேகத்துக்கு இடமே இல்லாத எதிர்காலம். வாழ்க்கையில் எந்தக் கதவு அப்படித் திறக்கிறது?

திருப்பம் ஐரோப்பாவில் வந்தது. 1971 வாக்கில் ஐரோப்பிய மன்றம் வயது வந்தோருக்கு மொழி கற்பிப்பதைப் பற்றி யோசிக்கத் தொடங்கியது. பக்கத்து நாட்டில் வேலைக்குப் போகும் ஒரு ஆளுக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்? வினைமுற்று வாய்பாடா? வழி கேட்க, மறுக்க, மன்னிப்புக் கேட்க, ஒரு விஷயம் எவ்வளவு நிச்சயம் என்று சொல்லத் தெரிய வேண்டும். டச்சுக்காரரான வான் எக் 1975-ல் இந்தத் தேவைகளைப் பட்டியல் போட்டு வெளியிட்டார். 'த்ரெஷோல்ட் லெவல்' என்று பெயர். வீட்டுக்குள் நுழையும் வாசற்படி என்ற பொருளில். அடுத்த வருஷம் டி. ஏ. வில்கின்ஸின் புத்தகமும் இதே வழியில் வந்தது. 'எதிர்காலம்' என்ற பாடத் தலைப்பின் இடத்தில் 'நிச்சயமும் சந்தேகமும்' என்ற தலைப்பு வந்து உட்கார்ந்தது அப்போதுதான். வில், மே, மைட், ப்ராபப்ளி, ஐ டவுட் எல்லாம் ஒரே பலகையில் ஒன்றாக ஏறின.

நம் பக்கமும் சும்மா இருக்கவில்லை. என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர் பக்கத்துப் பள்ளிகளில் ஒரு சோதனை நடத்தினார். இலக்கணத்தை நேரடியாகச் சொல்லித் தராமல், ரயில் கால அட்டவணை, ஊர் வரைபடம் போன்றவற்றைக் கொடுத்துப் பிள்ளைகளை யோசித்துப் பதில் சொல்ல வைப்பது. பொருளில் மனம் இருக்கும்போது வடிவம் தானாகப் படியும் என்பது அவர் நம்பிக்கை. 1987-ல் அதைப் புத்தகமாக எழுதினார். அந்தப் புத்தகத்தைப் படித்த பிறகுதான் ஜோலார்பேட்டை ஜங்ஷன் நம் ஆங்கிலப் பாடத்துக்கு எவ்வளவு நல்ல கருவி என்பது எனக்குப் புரிந்தது. "இந்த வண்டி ஒரு மணி நேரம் தாமதமானால் பெங்களூர் வண்டியைப் பிடிக்க முடியுமா?" வில், மே, மைட், வோன்ட் அத்தனையும் அந்த ஒரே கேள்வியில் வந்துவிடும்.

இனி என் சொந்த அனுபவம். பள்ளி நேரம் போக, 1994 முதல் 2009 வரை, பேருந்து நிலையம் பக்கம் ஒரு மாடி அறையில் மாலை வகுப்பு நடத்தியது உங்களில் சிலருக்குத் தெரியும். வந்தவர்கள் எல்லாம் வேலைக்குப் போகிறவர்கள். வாணியம்பாடி, ஆம்பூர் டேனரிகளிலும் ஷூ கம்பெனிகளிலும் இருந்த குமாஸ்தாக்கள், கல்லூரி முடித்து இன்டர்வியூவுக்குக் காத்திருந்தவர்கள், வளைகுடாவுக்குப் போகத் தயாரானவர்கள், ஜவ்வாது மலையில் புதூர்நாடு, நெல்லிவாசல் பக்கமிருந்து இறங்கி வந்து கீழே அறை எடுத்துத் தங்கியிருந்த இளைஞர்கள்.

அவர்களுக்கு வந்த சிக்கல் மூன்று. மூன்றும் முட்டாள்தனம் இல்லை, தமிழிலிருந்து நியாயமாக வருகிறவை.

ஒன்று. "சூரியன் கிழக்கில் உதிக்கும்" என்கிறோம். இது நாளைக்கு மட்டுமா, தினமும்தானே? தமிழில் 'உதிக்கும்' என்பது இரண்டுக்கும் பொது. அதனால் "எவ்ரிடே ஐ வில் கெட் அப் அட் ஃபைவ்" என்று நம்மவர் சொல்வது தமிழ்ப்படி முழுக்கச் சரி. ஆங்கிலத்தில் பழக்கத்துக்கு 'ஐ கெட் அப்' போதும்.

இரண்டு. "மழை பெய்தால்" என்பதை "இஃப் இட் வில் ரெயின்" என்பார்கள். நான் கேட்பேன்: "நாம 'பெய்வால்'னு சொல்றோமா? நாளைய மழைக்குத் தமிழ்ல இறந்தகாலம் மாதிரி 'பெய்தால்'ங்கிறோம். அவங்க நிகழ்காலத்துல 'இஃப் இட் ரெயின்ஸ்'ங்கிறாங்க. ரெண்டு பேருமே அந்த இடத்துல எதிர்காலத்தை வைக்கிறதில்லை." அன்றோடு அந்தப் பிழை போய்விடும்.

மூன்று, 'லாம்'. "நீங்க போகலாம்" என்றால் அனுமதி. "நாளைக்கு மழை வரலாம்" என்றால் சாத்தியம். ஆங்கில 'மே'க்கும் இதே இரட்டை வேலை. இது நமக்கு லாபம். ஆனால் "நாளைக்கு சினிமாவுக்குப் போகலாம்" என்றால் அழைப்பு. அங்கே 'வி மே கோ' என்றால் பாதிக் கதைதான் போய்ச் சேரும். 'லெட் அஸ் கோ' வேண்டும்.

பலகையில் நான் போடும் ஏணி உங்களுக்கு நினைவிருக்கலாம். முதலில் தமிழில் மட்டும் எழுதுவேன்.

கண்டிப்பா வருவார்.
வருவார்.
அநேகமா வருவார்.
வரலாம்.
வந்தாலும் வருவார்.
வருவார்னு தோணலை.
வரவே மாட்டார்.

"பாருங்க, ஏழு படி. உங்க எல்லாருக்கும் இது குழந்தையிலேயே தெரியும். இங்கிலீஷ்ல ஒவ்வொரு படிக்கும் பேர் மட்டும் தெரிஞ்சுக்கணும்." பிறகு பக்கத்தில் வில் டெஃபினிட்லி, வில், வில் ப்ராபப்ளி, மே, மைட், ஐ டோன்ட் திங்க் ஹி வில், டெஃபினிட்லி வோன்ட் என்று ஏறும். ஐந்தாவது படியான 'வந்தாலும் வருவார்' 'மைட்' என்பதோடு அவ்வளவு அழகாகப் பொருந்தும். பேச்சில் 'மே'க்கும் 'மைட்'டுக்கும் பெரிய இடைவெளி இல்லை என்றாலும், படிகளை உணர வைக்க இது உதவியது.

மலையிலிருந்து வந்தவர்களுக்குக் காவலூர் வானாய்வகத்தைச் சொல்வேன். 1960களின் இறுதியில் தொடங்கிய இடம். 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-ல் வந்தது. வைணு பாப்பு பெயரும் அப்போது சூட்டப்பட்டது. கிரகணம் எந்த நாள், எந்த நிமிஷம் என்று வானியல்காரர் 'வில்' போட்டுச் சொல்லலாம். அன்று இரவு மலைமேல் மேகம் வருமா என்று அவரால் 'மே' போட்டுத்தான் சொல்ல முடியும். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு நட்சத்திரத்தை மறைக்கும் என்பது முன்பே தெரியும். அது 'வில்'. ஆனால் கோள் வருவதற்கு முன்பே நட்சத்திர ஒளி விட்டு விட்டு மங்கியது. யாரும் எதிர்பார்க்காதது. யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்று உலகம் அறிந்தது அந்த இரவில்தான். காவலூரிலும் அந்த மங்கல் பதிவானது. 'வில்' என்று காத்திருப்பவன் கண்ணிலும் சில சமயம் 'மைட்' வந்து விழும் என்று சொன்னால் வகுப்பு சிரிக்கும்.

சரி, இதெல்லாம் இலக்கணம். இதனால் என்ன ஆகிவிடும் என்று கேட்பீர்கள்.

ஒரு ஏற்றுமதி கம்பெனியில் வேலை பார்த்த மாணவர், சரக்கு எப்போது வரும் என்று கேட்ட வெளிநாட்டு வியாபாரிக்கு, இன்ன தேதியில் 'வில் ரீச்' என்று எழுதிவிட்டார். மனதில் அவர் நினைத்தது "அநேகமா வந்துடும்". படித்தவர் எடுத்துக்கொண்டது உறுதிமொழி. சரக்கு பத்து நாள் தாமதம். முதலாளி குமாஸ்தாவைத்தான் பிடித்தார். இரண்டு மாதச் சம்பளத்தில் பிடித்தம். 'ஷுட் ரீச்' என்றோ, 'வி எக்ஸ்பெக்ட்' என்றோ எழுதியிருந்தால் தாமதத்துக்கு ஒரு இடம் இருந்திருக்கும். அவர் வகுப்பில் சேர்ந்ததே அந்தப் பிடித்தத்துக்குப் பிறகுதான்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. 'பார்க்கலாம்' என்று நாம் சொன்னால் பாதி நேரம் அது மரியாதையான மறுப்பு. அதை அப்படியே 'லெட் அஸ் ஸீ' என்று எழுதினால் எதிராளி நம்பிக்கையோடு காத்திருப்பார். ஆம்பூர் மாணவர்கள் 'இன்ஷா அல்லாஹ்' என்பார்கள், மற்றவர்கள் 'கடவுள் விட்ட வழி' என்பார்கள். நாளை நம் கையில் இல்லை என்ற பணிவு அது. வீட்டை விட்டுக் கிளம்பும்போது 'போயிட்டு வரேன்' என்கிறோமே, அதே மனசு. ஆனால் வியாபாரக் கடிதத்தில் அந்தப் பணிவை 'வி ஹோப்', 'சப்ஜெக்ட் டு' போன்ற சொற்களில்தான் உடுத்திவிட வேண்டும்.

புதூர்நாட்டுப் பக்கத்து இளைஞர் ஒருவர். குடும்பத்தில் முதல் பட்டதாரி. ஐந்து வருஷம் கழித்து என்னவாக இருப்பீர்கள் என்று இன்டர்வியூவில் கேட்பார்கள், பதில் தயார் செய்யுங்கள் என்றேன். மற்றவர்கள் 'ஐ வில் பிகம் மேனேஜர்' என்று படபடவென்று சொன்னார்கள். இவர் வாயே திறக்கவில்லை. தனியாகக் கேட்டேன். "ஆவேன்னு சொல்லிட்டு ஆகலைன்னா பொய் சொன்ன மாதிரி ஆயிடும் சார்" என்றார். அவருக்கு ஆங்கிலம் தெரியாமல் இல்லை. 'வில்' ஒன்றுதான் எதிர்காலம் என்று பள்ளி கற்றுக்கொடுத்திருந்தது, அந்த 'வில்'லைச் சொல்ல அவர் நேர்மை இடம் தரவில்லை. 'ஐ ஹோப் டு', 'ஐ மைட்', 'இஃப் ஐ கெட் எ சான்ஸ்' என்று மூன்று கைப்பிடி கொடுத்தேன். மலையில் சாமைக்கும் புளிக்கும் கீழே வந்தால் கிடைக்கிற விலை, நடுவில் போகிற பங்கு, தான் ஒரு நாள் செய்ய நினைப்பது என்று அரை மணி நேரம் பேசினார். அந்த இன்டர்வியூவில் வேலை கிடைக்கவில்லை. அடுத்த வருஷம் வேறொன்றில் கிடைத்தது.

இன்னொருவர், மலையில் அங்கன்வாடியில் வேலை பார்த்த அம்மா. 'மே' போட்டு வாக்கியம் எழுதச் சொன்னபோது, "மை டாட்டர் மே பிகம் எ நர்ஸ்" என்று எழுதினார். முன்வரிசைப் பையன் ஒருவன் குறும்பாக, "அக்கா, மேன்னா அனுமதிதானே? யார் அனுமதி கொடுத்தாங்க?" என்று கேட்டான். அந்த அம்மா யோசித்துவிட்டுச் சொன்னார்: "எங்க வீட்டுல நான் கொடுத்தேன் தம்பி. அதுக்கப்புறம்தான் ஆகலாம்னே எழுத முடிஞ்சுது." வகுப்பில் சத்தமே இல்லை. அனுமதிக்கும் சாத்தியத்துக்கும் இரண்டு மொழியிலும் ஏன் ஒரே சொல் என்று அதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

வயது வந்தவர்களுக்கு இந்தப் பாடம் ஏன் கடினம் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். நம் பள்ளியில் கேள்விக்கு ஒரே சரியான பதில்தான். 'தெரியவில்லை, ஆனால் இப்படி இருக்கலாம்' என்று சொன்னவனுக்கு மார்க் கிடையாது. அப்படி வளர்ந்தவர்களிடம் திடீரென்று, நிச்சயமில்லாததைப் பற்றி, அதுவும் அந்நிய மொழியில் பேசு என்றால் தடுமாறத்தான் செய்வார்கள். அவர்களுக்கு முதலில் வேண்டியது சந்தேகத்தோடு பேசுவது தப்பில்லை என்ற தைரியம். துணைவினை பிறகு வந்து சேரும்.

இப்போது 'நான் முதல்வன்' போன்ற திட்டங்களில் பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி கிடைக்கிறது. நல்லது. கற்றுக்கொடுக்கும் இளம் ஆசிரியர்கள் இந்தப் பதிவைப் படித்தால் ஒரு வேண்டுகோள்: ஏணியை முதலில் தமிழில் போடுங்கள். பிள்ளைகள் ஏற்கெனவே ஏறி நிற்கும் படியிலிருந்து அடுத்த மொழிக்குத் தாண்டுவது சுலபம்.

கேள்வி கேட்ட மாணவருக்கு: உங்கள் பேத்தியிடம் விதியைச் சொல்லாதீர்கள். "நாளைக்கு தாத்தா ஐஸ்கிரீம் வாங்கித் தருவாரா?" என்று கேட்டு, ஏழு படியில் எதில் நிற்கிறாள் என்று ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லுங்கள். 'வில் டெஃபினிட்லி' என்றால் வாங்கித் தந்துவிடுங்கள்.

மற்றவர்கள் எல்லாரும், அடுத்த வருஷம் உங்கள் வீட்டில் நடக்கப்போவது ஒன்று, நடக்கலாம் என்பது ஒன்று, நடந்தாலும் நடக்கும் என்பது ஒன்று, ஆக மூன்று வாக்கியம் ஆங்கிலத்தில் கீழே எழுதுங்கள். சிவப்பு மையில் திருத்தி அனுப்புகிறேன். பழக்கம் விடவில்லை!

அனைவரும் நலமாக இருங்கள்.